வாசகர் கேள்வி பதில்: வரப்புக்கு அந்தப் பக்கம் ஏன் வாடவில்லை?

போன இதழில் வாழை வாடல் நோயைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருந்தின் பெயர் கேட்டவை. மீதியில் சில மண்ணையும் வேரையும் பற்றிக் கேட்டவை, இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருந்து கேட்டவர்களும் படியுங்கள், உங்களுக்கான பதிலும் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது.

அய்யா, எனக்கு ஒன்றரை ஏக்கர் ரஸ்தாளி. இரண்டாவது வருடமாக வாடல். அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்குகிறது. தண்டு அடியில் வெடிக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் என் சித்தப்பா மகன் தோட்டம். அதே ரஸ்தாளி, அதே வாய்க்கால் தண்ணீர், கன்றுகூட ஒரே இடத்தில் வாங்கியதுதான். அவனுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று மரம் போகிறது, எனக்குப் பாதி போகிறது. அவன் மண்ணில் கிருமியே இல்லையா? (ஒரு விவசாயி, தொட்டியம்)

கிருமி இருக்கிறது. ஒரே தண்ணீர் பாய்கிறது, மண்வெட்டியும் காலும் வரப்பைத் தாண்டிப் போய்வருகின்றன, அப்புறம் எப்படி இல்லாமல் போகும்? அவருக்குப் போகிற இரண்டு மூன்று மரமே அதற்குச் சாட்சி. ஆனால் கிருமி மண்ணில் கிடப்பது ஒன்று, அது எழுந்து வேருக்குள் நுழைவது இன்னொன்று. உங்கள் இரண்டு தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்க வேண்டும்.

வாடலைக் கொண்டுவருவது ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சணத்தில் வாழையைத் தாக்கும் வகை. வாடின மரம் ஒன்றின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பட்டை அடுக்குகளில் செம்பழுப்பாகப் புள்ளிகள் வளையம் போட்டிருக்கும். கிழங்கை வெட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும். மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்கள் அடைபட்டுப்போன நிறம் அது. மரம் செத்த பிறகு இந்தப் பூஞ்சணம் தடித்த தோல் கொண்ட வித்துகளாக மாறி மண்ணில் படுத்துக்கொள்ளும், 20 வருடம் தாண்டியும் உயிரோடு கிடக்கும்.

படுத்திருப்பதை எழுப்புவது வேறு யாருமில்லை, வாழை வேர்தான். இலை வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் ஒரு பங்கை, பயிருக்குப் பயிர் மாறுபட்டாலும் சுமாராக 5 முதல் 20 சதவீதம் வரை, செடி வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் எல்லாம் அதில் உண்டு. பார்த்தால் வீணாய்ப் போவது போலத் தோன்றும், ஆனால் வேரை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மண்ணில் கூடிக் கிடக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் எல்லாம் இந்தப் பந்திக்கு வந்தவைதான். அந்தச் சர்க்கரை தூங்குகிற வித்துக்கும் எட்டினால் அது விழித்து முளைக்குழல் விடும். அதற்குக் கையிருப்பு கொஞ்சம்தான், வேரைப் போய்ப் பிடிக்கும்வரை வழிச்செலவுக்கு இந்தக் கசிவுதான் வேண்டும்.

கூட்டம் நிறைந்த மண்ணில் அந்தச் சர்க்கரை வித்துவரைக்கும் போய்ச் சேருவதே இல்லை. நடுவில் இருக்கிறவர்கள் தின்றுவிடுகிறார்கள். வித்து தூங்கிக்கொண்டே இருக்கும், அல்லது எழுந்து பாதி வழியில் பட்டினியாகிக் கரைந்துபோகும். இது ஒரு வேலி. இரண்டாவது வேலி இரும்பு. சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பொருளை வெளியே விட்டு, தமக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும், மண்ணில் கரைந்த நிலையில் இருக்கிற இரும்பே சொற்பம் என்பதால் பூஞ்சணத்துக்குக் கிடைக்காமல் போகும். (அந்தப் பொருள் புற ஊதா விளக்குக்குக் கீழே மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். கடைப் பாக்கெட்டில் 'சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ்' என்று பெயர் இருப்பது அந்த ஒளியால்தான்.) மூன்றாவது, நோய் தராத ஃபியூசேரியங்கள். கெட்டவனின் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே சாப்பாடு, வேரில் உட்காரும் இடமும் அதேதான், முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவனுக்கு இடமில்லை.

இது என் கற்பனை இல்லை. பிரான்சின் தென்கிழக்கில், அவிஞோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஷாத்தோரனார் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே கிர்ணிப் பழச் செடிகளுக்கு வர வேண்டிய ஃபியூசேரியம் வாடல், கிருமி மண்ணில் இருந்தும் வருவதில்லை. 1970-களில் ஆராய்ச்சிக்காரர்கள் அந்த மண்ணைச் சூடாக்கிப் பார்த்தார்கள், உடனே நோய் பிடித்துக்கொண்டது. சூடாக்காத அதே மண்ணைக் கொஞ்சம் கலந்தார்கள், தடுப்பு திரும்பி வந்தது. அப்போது தடுத்தது மண்ணின் தாது மட்டுமில்லை, அதில் உயிரோடு இருந்த கூட்டம் என்று தெரிந்தது. அங்கே கண்டெடுத்த நோய் தராத ஃபியூசேரியம் ஒன்று இன்றைக்கும் ஆய்வுகளில் புழங்குகிறது.

வாழைக்கே இந்தக் கதை உண்டு. மத்திய அமெரிக்காவில் க்ரோஸ் மிஷேல் என்ற ஏற்றுமதி ரகத்தை உங்கள் ரஸ்தாளியைத் தாக்குகிற அதே பூஞ்சணப் பிரிவு, 'ரேஸ் 1' என்பார்கள், தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்த நாட்களிலேயே சில நிலங்களில் வாழை மூன்று முதல் ஐந்து வருடத்தில் படுத்துவிட, வேறு சில நிலங்களில் 20 வருடம் தாண்டி நின்றது. 'குறைந்த ஆயுள் மண்', 'நீண்ட ஆயுள் மண்' என்றே பிரித்துப் பேசினார்கள். நீண்ட ஆயுள் மண்ணில் ஒரு குறிப்பிட்ட வகைக் களிமண், நம் கரிசலில் இருக்கிற வகை, அதிகம் இருந்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்தக் களி பாக்டீரியாக்களுக்குத் தோதாக மண்ணை வைத்திருக்கிறது. எனவே மண்ணின் பிறப்பும் ஒரு காரணம்தான், அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கம் என்றால் பிறப்பு ஒன்றாகத்தான் இருக்கும், வளர்ப்பைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

உங்கள் தம்பியிடம் உட்கார்ந்து பேசுங்கள். பத்து வருடமாக அவர் எத்தனை வண்டி எரு அடித்தார், நடுவில் நெல் போட்டாரா, சணப்பையோ தக்கைப்பூண்டோ மடக்கி உழுதாரா, யூரியா எவ்வளவு, தண்ணீர் தேங்க விட்டாரா என்று கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. வாடின மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள், வெட்டி வாய்க்கால் ஓரம் போடாதீர்கள், அந்தத் தண்ணீர் அடுத்த மரத்துக்குத்தான் போகும். குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போடுங்கள். நோய் இருக்கிற பகுதியில் கடைசியாக வேலை செய்து மண்வெட்டியைக் கழுவுங்கள். இந்தத் தார் முடிந்ததும் மறுதாம்பு விடாமல் இரண்டு போகம் நெல் போடுங்கள். தண்ணீர் கட்டி நிற்கும்போது காற்றில்லாத மண்ணில் இந்தப் பூஞ்சணம் குறையும், முழுசாகப் போகாது. அதற்கப்புறமும் ரஸ்தாளிதான் வேண்டுமா என்று யோசியுங்கள், பூவன் இந்த நோயைத் தாங்கும். ரஸ்தாளிக்குக் கிடைக்கிற விலை எனக்கும் தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. நைட்ரஜனை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். அம்மோனியா வடிவ நைட்ரஜன் ஃபியூசேரியம் வாடலைக் கூட்டும் என்பது பல பயிர்களில் பார்த்த விஷயம்.

செடி நோய் வந்தால் வேர் வழியாக நல்ல பாக்டீரியாவைக் "கூப்பிடுகிறது" என்று வகுப்பில் சொன்னார்கள். இது உவமையா, உண்மையிலேயே நடக்கிறதா? (வேளாண் கல்லூரி மாணவி, மதுரை)

நடக்கிறது, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த யோசனை பழையதும்கூட. வேரைச் சுற்றிய மண்ணுக்கு 'ரைசோஸ்பியர்' என்று 1904-ல் பெயர் வைத்த ஜெர்மானியர் லோரன்ஸ் ஹில்ட்னர், ஒரு செடி நோயைத் தாங்குமா தாங்காதா என்பது அந்த மண்ணில் எந்த நுண்ணுயிர்கள் கூடியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்று அன்றைக்கே கருதினார். நிரூபிக்கிற கருவி அவரிடம் இல்லை.

2008-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில், கடுகுக் குடும்பத்துச் சின்னக் களையான அராபிடாப்சிஸின் இலையில் நோய் பாக்டீரியாவை ஏற்றினார்கள். இலையில்தான் நோய், வேரைத் தொடவே இல்லை. ஆனால் வேர் மாலிக் அமிலத்தைக் கூடுதலாகக் கசியவிட ஆரம்பித்தது, அதைத் தேடி பேசில்லஸ் சப்டிலிஸ் வேரில் வந்து படலமாகப் படர்ந்தது. மாலிக் அமிலம் ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை, ஆப்பிளின் புளிப்பு அதுதான்.

எனக்கு இன்னும் பிடித்தது 2018-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் வெளிவந்தது. அதே செடியின் இலையில் அடிச்சாம்பல் நோயை ஏற்றியபோது வேரைச் சுற்றி மூன்று வகை பாக்டீரியா பெருகின. தனித்தனியாக வைத்துப் பார்த்தால் பெரிய பலன் இல்லை, மூன்றையும் சேர்த்து வைத்தால் செடி நோயைத் தாங்கியது. இதில் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது: நோய் வந்த செடிகள் நின்ற மண்ணில் அடுத்த தலைமுறைச் செடியை நட்டால் அதுவும் கூடுதலாகத் தாங்கியது. முன்னால் நின்ற செடி பட்ட கஷ்டத்தின் பலன் மண்ணில் இருக்கிறது, பின்னால் வருகிற செடி அதை அனுபவிக்கிறது.

வந்து சேர்ந்தவை என்ன செய்கின்றன என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். சில நேரடியாகச் சண்டை போடும். சில, செடியையே உஷார்ப்படுத்தும். 1991-ல் நெதர்லாந்தில் கார்னேஷன் பூச்செடியின் வேரில் நல்ல சூடோமோனாஸை வைத்துவிட்டு, ஃபியூசேரியத்தைத் தண்டில் ஏற்றினார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று சந்திக்க வழியே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது. வேரில் ஒட்டியிருக்கிற பாக்டீரியாவை உணர்ந்து செடி முழுக்கத் தயார்நிலைக்கு வந்துவிடுகிறது, நோய் வந்ததும் சட்டென்று எதிர்க்கிறது. அதே வருடம் வெள்ளரியிலும் இதைக் காட்டினார்கள்.

'கூப்பிடுகிறது' என்ற சொல்லை மட்டும் தேர்வில் எழுதும்போது பார்த்து எழுதுங்கள். செடி ஆள் பார்த்து அழைக்கிறது என்று அர்த்தமில்லை, கசிவின் கலவை மாறுகிறது, அந்தக் கலவையில் பிழைக்கத் தெரிந்தவை பெருகுகின்றன.

ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் நோய் சேரும், மாற்றிப் போடு என்று நாற்பது வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஒரே பயிர் போட்டால் நோய் குறையும் என்று ஒருவர் பேசக் கேட்டேன். எது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்)

நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான் சரி ஐயா, மாற்றாதீர்கள். அவர் சொன்னது ஒரு விதிவிலக்கு, ஆனால் அழகான விதிவிலக்கு.

கோதுமையில் 'டேக் ஆல்' என்று ஒரு வேர் நோய். பேரே எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்றுதான் அர்த்தம். வேரும் தண்டின் அடியும் கறுத்து, கதிர் வெளுத்து, உள்ளே மணி இருக்காது. ஒரே வயலில் கோதுமைக்குப் பின் கோதுமை போட்டால் முதல் சில வருடங்களில் இந்த நோய் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் பெரும்பாலோர் பயிரை மாற்றிவிடுவார்கள். மாற்றாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தவர்கள் வயலில், நோய் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கியது, அப்புறம் வருடக்கணக்கில் தலைதூக்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர், லிண்டா தோமஷோ ஆகியோர் இதைப் பல வருடம் துருவினார்கள். அந்த மண்ணில் ஒரு பங்கை நூறு பங்கு மண்ணில் கலந்தாலே தடுப்பு ஒட்டிக்கொண்டது.

காரணம், நோய் பிடித்த கோதுமை வேரில் பெருகுகிற ஒரு வகை சூடோமோனாஸ். அது டையசெட்டைல் ஃப்ளோரோகுளூசினால் என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட பூஞ்சணக்கொல்லியை வேரிலேயே உற்பத்தி செய்கிறது. ஒரு கிராம் வேரில் இந்த பாக்டீரியா ஒரு லட்சத்தைத் தாண்டினால் நோய் அடங்குகிறது. அதற்குக் கீழே இருந்தால் இருந்தும் பிரயோஜனமில்லை. இந்த எண்ணிக்கை சேர வேண்டுமென்றால் கோதுமையும் வேண்டும், நோயும் வேண்டும். நோய் வராத வயலுக்கு இந்தக் காவல் வருவதில்லை. நடுவில் வேறு பயிர் போட்டால் காவலும் தளர்ந்துவிடும்.

ஆனால் இதை நம்பி யாரும் ரஸ்தாளி மேல் ரஸ்தாளி, மஞ்சள் மேல் மஞ்சள் என்று போட வேண்டாம். கோதுமைக்காரருக்கு நஷ்டம் சில வருட மகசூல் குறைவு. நமக்கு ஒரு வாடல், கிருமியை 20 வருடத்துக்கு மண்ணில் விட்டுப் போகும். எல்லா நோய்க்கும் மண் இப்படிப் பழகுவதும் இல்லை.

டிரைக்கோடெர்மா விரிடி வாங்கிக் கடலைக்குப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை, அடித்தண்டு அழுகல் அப்படியே இருக்கிறது. இதெல்லாம் ஏமாற்று வேலையா? (திண்டிவனம்)

ஏமாற்று இல்லை, ஆனால் உங்கள் கோபம் நியாயம். பாக்கெட்டைக் கையில் கொடுக்கிறவர்கள் அது உயிர் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சணம், மற்றப் பூஞ்சணங்களின் இழையைச் சுற்றிக்கொண்டு உறிஞ்சித் தின்னும். 1932-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் வெயிலில் காய்ந்த அட்டைப்பெட்டியில் கிடந்த பாக்கெட்டில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? தேதி பார்த்தீர்களா?

நீங்கள் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், விதைக்குக் கார்பென்டாசிம் கலந்துவிட்டு அதன் மேலேயே டிரைக்கோடெர்மாவையும் கலந்ததாக. கார்பென்டாசிம் பூஞ்சணக்கொல்லி, டிரைக்கோடெர்மா பூஞ்சணம். காவலுக்கு ஆள் வைத்து அவன் சாப்பாட்டில் விஷம் வைத்த மாதிரிதான். தாமிர மருந்துகள் அதே போல சூடோமோனாஸுக்கு ஆகாது.

அடுத்த பட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, வேறு மருந்து இல்லாமல். மண்ணுக்கு ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ நன்றாக மட்கிய தொழுவுரத்தில் பிசறி, தொட்டால் ஈரம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடி நிழலில் வைத்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது சாயங்காலமாகத் தூவுங்கள். சாக்கை விலக்கிப் பார்த்தால் எருவின் மேல் முதலில் வெள்ளையாக நூல் ஓடும், பிறகு பச்சை பூக்கும். அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டால் உயிர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். வெறும் மணலில், ஈரமில்லாமல், எரு இல்லாமல் தூவினால் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை, ஊர்க்காரக் கிருமிகளோடு போட்டி போட முடியாமல் ஓரிரு வாரத்தில் காணாமல் போகும். ஒரு முறை போட்டுவிட்டுப் பலன் பார்க்கிற பொருள் இல்லை இது.

அப்புறம், அழுகின செடியின் அடியில் கடுகு மாதிரி உருண்டைகள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் அடுத்த வருடத்துக்கான விதை. செடியைப் பிடுங்கி வயலிலேயே போட்டுவிடாதீர்கள், எடுத்து எரித்துவிடுங்கள்.

தக்காளி பச்சையாக இருக்கும்போதே இரண்டு நாளில் துவண்டு விழுகிறது. நோய் வராத தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து போட்டால் நோய் குறையும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததாகப் படித்தேன். நாலு வண்டி அடிக்கலாமா? (பாலக்கோடு)

முதலில் என்ன வாடல் என்று பாருங்கள். துவண்ட செடியின் தண்டை அடியில் ஒரு சாண் நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் அந்த முனையிலிருந்து வெள்ளையாகப் பால் நூல் மாதிரி கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. இறங்கவில்லை என்றால் ஃபியூசேரியமாக இருக்கலாம்.

நீங்கள் படித்தது உண்மைதான். 2018-ல் கொரியாவில், இந்த வாடலைத் தாங்குகிற 'ஹவாய் 7996' தக்காளியின் வேர்மண்ணில் இருந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை எடுத்து, தாங்காத 'மணிமேக்கர்' தக்காளிக்குக் கொடுத்தபோது நோய் குறைந்தது. அதில் முக்கியமான ஆளாக ஒரு ஃப்ளேவோபாக்டீரியத்தையும் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கில் நெதர்லாந்துக்காரர்கள் பத்துக்கு ஒரு பங்கு நல்ல மண் கலந்தே வேரழுகலைக் குறைத்துக் காட்டினார்கள். அங்கே வேருக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் காவல் இருப்பதை 2019-ல் கண்டார்கள். பூஞ்சணம் வேரின் தோலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு, அங்கே குடியிருக்கிற பாக்டீரியாக்கள் கைட்டினைக் கரைக்கிற நொதிகளை முடுக்கிவிடுகின்றன. பூஞ்சணத்தின் சுவர் கைட்டின், இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிற அதே சமாச்சாரம்.

ஆனால் நாலு வண்டி அடிக்க வேண்டாம். அவையெல்லாம் தொட்டியில், என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்த மண்ணை வைத்துச் செய்தவை. உங்கள் பக்கத்துக்காரர் மண்ணில் நல்ல கூட்டத்தோடு வேர்முடிச்சு நூற்புழுவும் சேர்ந்து வரும், தக்காளிக்கு அது வந்தால் வாடலுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. நோய் வராத தோட்டம் என்றால் நோய்க்கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, தொட்டியத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மேட்டுப்பாத்தி போட்டு, சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டின நாற்று கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், இந்த நோய்க்கு இப்போதைக்கு நம்பகமான வழி அதுதான்.

மாடித் தோட்டத்தில் மிளகாய் நாற்று நாலு இலை விடும் முன் அடியில் நூலாக இளைத்துச் சாய்கிறது. தென்னை நார்க் கழிவைக் கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்துதான் போட்டேன். இதற்கு மேல் எப்படிச் சுத்தம் செய்வது? (ஒரு வாசகி, சென்னை)

சுத்தம் போதும் அம்மா, அதுதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தக்காளி நாற்றங்காலுக்குக் கிருமி சாக ஃபார்மலின் ஊற்றி, மூடி வைத்து, பிறகு திறந்து விதைத்தேன். ஒன்பதாம் நாள் வரை பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. பத்தாம் நாள் காலையில் ஒரு மூலையில் தட்டு அளவுக்குச் சாய்ந்திருந்தது, சாயங்காலம் அது முறம் அளவு. பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் எரு மட்டும் போட்டு விதைத்த பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் போனது. அந்தப் பாத்திக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த காலைதான் எனக்கு மண்ணைப் பற்றி வகுப்பில் படித்ததைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

நாற்றைச் சாய்ப்பது பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமி. தண்ணீரில் நீந்தி வரும், வேகமாக வளரும், போட்டி இல்லாத இடம் அதற்கு விருந்து. கொதிநீர் ஊற்றி எல்லோரையும் காலி செய்துவிட்டால், அடுத்து தண்ணீரோடு யார் முதலில் வருகிறாரோ அவருக்கே வீடு. அமெரிக்காவின் ஒஹையோவில் ஹாரி ஹாய்ட்டிங்க் என்பவர் மரப்பட்டை மட்கைத் தொட்டிச் செடிகளுக்குப் போட்டு இந்த நோயை அடக்கியது பெரிய ஆராய்ச்சியாக வளர்ந்தது. நன்றாக மட்கின எருவில் இருக்கிற கூட்டம் பித்தியத்துக்கு எதுவும் மிச்சம் வைப்பதில்லை. அரைகுறையாக மட்கியதில் சர்க்கரை மிச்சம் இருக்கும், அது பித்தியத்தை வளர்த்துவிடும், அதனால் சூடு அடங்கி மண்வாசனை வந்த மட்காகப் பாருங்கள்.

நார்க் கழிவு மூன்று பங்குக்கு மண்புழு உரமோ மட்கோ ஒரு பங்கு கலங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்பது கணக்கு, உங்கள் ஒரு பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை போதும். விதையை நெருக்கமாகத் தூவாதீர்கள். காலையில் ஒரு முறை தண்ணீர் தெளித்தால் போதும், சாயங்காலம் மேல்மண் காய்ந்திருக்க வேண்டும்.

திசு வளர்ப்பு வாழைக் கன்று நட்டால் வாடல் வராது என்கிறார்களே? (கோபிசெட்டிபாளையம்)

கன்றோடு நோய் வராது. அது பெரிய விஷயம், ஏனென்றால் வாடல் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் பக்கக்கன்றின் கிழங்கில் ஏறித்தான். ஆனால் உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கிற கிருமி அதைத் தாக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடுவைக்குள் வளர்ந்த கன்று கெட்டதோடு நல்லதையும் விட்டுவிட்டு வருகிறது, தாய்மரத்து வேருக்குள்ளும் கிழங்குக்குள்ளும் குடியிருந்த பாக்டீரியாக்கள் அதனிடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் வயலில் வைத்துப் பார்த்தபோது, கிருமி உள்ள மண்ணில் திசு வளர்ப்புக் கன்றுகள் சாதாரணக் கன்றுகளைவிட அதிகமாக வாடின.

கன்று வாங்கும்போது நிழல்வலைக் கூடத்தில் பையில் இருக்கும் நாட்களிலேயே சூடோமோனாஸோ டிரைக்கோடெர்மாவோ கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் வாங்கி வந்து நடுவதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்களே பையில் ஊற்றுங்கள். பையைக் கிழித்துப் பார்த்து, வேர் வெள்ளையாகக் கிளைத்து மண்ணைப் பிடித்திருக்கிற கன்றை மட்டும் எடுங்கள், அடியில் சுருண்டு பழுப்பானதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.